இரண்டு தடவை கழித்த ஒரு மணி

மட்டக்கடைப் பக்கம் கம்ப்யூட்டரில் ஜாதகம் போட்டுக் கொடுக்கும் கடை ஒன்று வந்திருக்கிறது. நடத்துகிறவள் ஜெயந்தி என்ற பெண். சுறுசுறுப்பானவள், கொஞ்சம் வாயாடி. போன மாதம் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்து உட்கார்ந்தாள்.

"ஆச்சி, ஒரு சந்தேகம். பிறந்த தேதி, ஊர், நேரம் எல்லாம் கேட்டுட்டுக் கடைசில 'யுத்த நேரத் திருத்தம் உண்டா, இல்லையா'ன்னு அது ஒரு கேள்வி கேக்கு. நாங்க எல்லாருக்கும் இல்லைன்னே அமுக்கிக்கிட்டு இருக்கோம். இது என்ன எழவுன்னு யாருக்கும் தெரியல. நீங்க அந்தக் காலத்துல கணிதம் போட்டவங்களாமே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு குடும்பத்தையே தெருவில் நிறுத்திய விஷயம் இவளுக்கு அமுக்குகிற கட்டையாகிவிட்டது. அவளுக்கு வேண்டியதைச் சொல்லி அனுப்பினேன். சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

யுத்தம் நடந்தபோது சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தது. துறைமுகம், ரயில், கோர்ட்டுக் கச்சேரி, மில் சங்கு எல்லாம் புது மணிக்கு மாறின. கோயில் பூஜையும் அடுப்படியும் பழைய மணியிலேயே நின்றன. தூத்துக்குடியில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் எட்டு அடிக்கும், அடுத்த வீட்டில் ஏழு அடிக்கும். கொழும்புத் தோணிக்குச் சரக்கு ஏற்றப் போனவன் பிந்திவிட்டு, "நம்ம வீட்ல இன்னும் விடியலையே அண்ணாச்சி" என்று சொல்லித் திட்டு வாங்குவான். ஊருக்கு அது வேடிக்கை. ஜோதிடம் பார்க்கிறவர்களுக்குத் தலைவலி. சூரியனுக்கு யுத்தம் தெரியாதல்லவா? புது மணி சொன்னால் ஒரு மணி கழித்துவிட்டுத்தான் கட்டம் போட வேண்டும்.

நான் கணிதத்துக்கு வந்த கதை பெரிதல்ல. அப்பா புதுக்கோட்டையில், அதாவது இங்கிருந்து திருநெல்வேலி போகிற வழியில் இருக்கிற புதுக்கோட்டையில், பஞ்சாங்கம் பார்ப்பவர். ஆண் பிள்ளை இல்லாததால் வாய்ப்பாடும் கிரக கணிதமும் என் தலையில் விழுந்தன. கல்யாணம் ஆனது. வீட்டுக்காரர் ரங்கூனுக்கு அரிசி மில் வேலைக்குப் போனார். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் அவரிடமிருந்து தகவல் நின்றது. அதே வருஷம் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே என்று சிவன் கோயில் பக்கத்தில் ஜோதிடம் பார்த்துக் கொண்டிருந்த ஆவுடையப்ப அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. ஒரு பிறந்த நேரத்தைச் சொல்லிச் சிலேட்டைத் தள்ளினார். போட்டுக் காட்டினேன். "நாளையில இருந்து வா" என்றார். அவ்வளவுதான் என் பள்ளிக்கூடமும் பரீட்சையும்.

வேலை உள் அறையில். முன் அறையில் அவர் வந்தவர்களிடம் பேசுவார், நேரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கதவிடுக்கு வழியாக நீட்டுவார். நான் ராசிக் கட்டத்தையும் அதற்குரிய வர்க்கக் கட்டங்களையும் போட்டு அதே இடுக்கில் நீட்டுவேன். பகல் முழுக்க நான் பார்ப்பது அந்தக் கையைத்தான். பல நாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே வீட்டுக்குத் திரும்புவேன். வீட்டிலும் பேச ஆள் கிடையாது.

வர்க்கம் என்றால் பயந்துவிட வேண்டாம். ஒரு ராசியைச் சம துண்டுகளாக்கி, கிரகம் எந்தத் துண்டில் நிற்கிறது என்று பார்த்து வேறு கட்டம் போடுவது. ஒன்பதாக்கினால் நவாம்சம், கல்யாணத்துக்குப் பார்ப்பது. பத்தாக்கினால் தசாம்சம், தொழிலுக்கு. பன்னிரண்டாக்கினால் துவாதசாம்சம், தாய் தகப்பனுக்கு. மற்ற ஜோதிடர்கள் ராசியும் அம்சமும் போட்டதோடு விட்டுவிடுவார்கள். அண்ணாச்சி விடமாட்டார். அதற்காக எல்லாக் கட்டத்தையும் பரப்பி வைத்து மிரட்டுகிறவரும் அல்ல. "ராசிக் கட்டத்துல இல்லாததை வர்க்கம் புதுசா கொண்டு வராது. ராசியில ஒரு சந்தேகம் இருந்தா, அது நிசமா, எவ்வளவு நிசம்னு வர்க்கத்துக்கிட்டக் கேக்கணும்" என்பார்.

ஆனால் வர்க்கத்தில் ஒரு வம்பு உண்டு. பிறந்த நேரம் கொஞ்சம் பிசகினாலும் ராசிக் கட்டம் பெரும்பாலும் மாறாமல் அப்படியே நிற்கும், பார்த்தால் தப்பே தெரியாது. துவாதசாம்ச லக்னமோ கொஞ்ச நேரத்துக்கொரு தரம் ஓடிவிடும். அதனால்தான் வருகிற ஒவ்வொருவரிடமும் அண்ணாச்சியின் முதல் கேள்வி, "எந்த மணி?" என்பது. அவர் தன் சுவர்க் கடிகாரத்தைக் கடைசி வரை மாற்றவில்லை. வந்தவர்கள் கடிகாரம் பிந்துகிறது என்று சொன்னால், "அது சரியாத்தான் இருக்கு, ஊருதான் ஓடுது" என்பார். கோபமும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. எதையும் சொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்வார். அதற்குள் எதிரே இருப்பவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

இனி கருப்பட்டிக்கடை அண்ணாச்சி விவகாரம். கருப்பட்டி மொத்த வியாபாரி, வாய் நிறையப் பேசுகிறவர், நல்ல மனுஷர். அவர் மகள் பொன்னுத்தாய்க்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. மருமகன் தங்கராசு கொழும்பில் ஒரு கடையில் வேலை. ஆவணி மாதம் குழந்தை பிறந்த கையோடு கருப்பட்டிக்கடையார் எங்களிடம் வந்தார்.

"எந்த மணி?"

"மில் சங்கு ஊதிச்சு அண்ணாச்சி. மணி ஏழு."

மில் சங்கு ஏழுக்கும் ஊதும், எட்டுக்கும் ஊதும். சங்கு என்றால் புது மணிதான். அதனால் ஒன்றைக் கழித்து ஆறு என்று அண்ணாச்சி சீட்டில் எழுதி நீட்டினார். சூரிய உதயத்துக்குச் சற்று முன்பு. நான் கட்டம் போட்டேன். சிம்ம லக்னம். லக்னத்திலேயே சூரியன், கூடவே ராகு. சூரியன் தகப்பனைக் குறிக்கிற கிரகம், அவனோடு ராகு உட்கார்ந்தால் ஜோதிடனுக்கு உறுத்தும். துவாதசாம்சம் கேட்டார். விருச்சிக லக்னம் வந்தது. அதற்கு ஒன்பதாம் இடமான கடகம் தகப்பன் ஸ்தானம். அங்கே சனியும் செவ்வாயும் சேர்ந்து நின்றன. நீட்டும்போது என் கையே கூசியது.

கண்ணாடியைத் துடைக்கும் சத்தம் கேட்காது, ஆனால் அந்த மௌனம் எனக்குத் தெரியும். அன்றைக்கு நெடுநேரம் துடைத்தார்.

"பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல. தகப்பனுக்குத்தான் கண்டம். ஒரு வருஷம் முடியுத வரைக்கும் அவரு பிள்ளை முகத்தைப் பாக்க வேண்டாம். முடிஞ்ச பொறவு சாந்தி செஞ்சு, எண்ணெய்க் கிண்ணத்துல மொதல்ல நிழலைப் பாத்துட்டு, அப்புறம் முகத்தைப் பாக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் இது உள்ள வழக்கம்தான். ஆனால் உள்ளூரில் இருக்கிற தகப்பன் ஒதுங்கியிருப்பது வேறு, கடல் தாண்டிப் பிழைக்கிறவன் ஒதுங்கியிருப்பது வேறு. யுத்தக் காலத்தில் தோணி கிடைப்பதே அபூர்வம். ஒரு தடவை தவறினால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

தை மாதம் தங்கராசு வந்தான். நான் பார்க்கவில்லை. ஊரே பேசியது. மாமனார் வீட்டு வாசலுக்கு எதிரே, தெருவின் மறுபக்கம் நின்றானாம். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு, "ஏன் அழுதா? பசிக்கா?" என்று தெருவிலிருந்தே கேட்டானாம். பொன்னுத்தாய் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னாளாம். கொண்டுவந்த மரக் கிலுகிலுப்பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுபடி தோணி ஏறினான். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டு வாசலுக்கு எதிரே இப்படி ஒருவர் வந்து நின்றால் போதும் என்று இருந்தது. பொறாமைதான், வேறென்ன.

பிறகு ஒரு நாள் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். குழந்தையின் ஜாதகத்தை முறையாக எழுதி முடித்தாயிற்று, பிள்ளை பெற்ற பெண் இருக்கிற வீடு, நீயே கொண்டுபோய்க் கொடு என்றார். போனேன். பொன்னுத்தாய் மெலிந்து போயிருந்தாள். "யக்கா, நீங்களே வாசிங்க, என்னதான் எழுதியிருக்குன்னு கேக்கேன்" என்றாள். வாசித்தேன். 'சூரிய உதயத்துக்கு முன் ஜனனம்' என்ற இடம் வந்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

"அப்படியா போட்டிருக்கு? இவ பிறந்தப்போ நல்லா விடிஞ்சிட்டே யக்கா. பிள்ளைய முத்தத்துக்குக் கொண்டு போய்க் குளிப்பாட்டினாவ. முகத்துல வெயில் பட்டுக் கண்ணைச் சுருக்கினா. அதுக்கு நான் சிரிச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அன்னைக்கு நான் சிரிச்சது அது ஒண்ணுதான்."

"குளிப்பாட்டினது எப்போ? பிறந்து நேரம் கழிச்சா?"

"உடனேதான். தண்ணி சுட வச்சுத் தயாரா இருந்துது."

வெயில் முற்றத்துக்குள் விழ வேண்டுமானால் சூரியன் சுவரைத் தாண்டி ஏறியிருக்க வேண்டும். அவளிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் ஜாதகத்தைத் திரும்பச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அண்ணாச்சி முழுவதும் கேட்டார். ஏன், எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கருப்பட்டிக்கடைக்கு நடந்தார். என்னையும் வரச் சொன்னார். அவர் பின்னால் தெருவில் நடந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, சங்கு ஊதினப்போ ஏழுன்னீரே. ஊதினது ஏழுச் சங்கா, எட்டுச் சங்கா?" என்று கேட்டார் ஆவுடையப்ப அண்ணாச்சி.

"எட்டுச் சங்குதான். அதுக்கென்ன?"

"பொறவு எதுக்கு ஏழுன்னீரு?"

கருப்பட்டிக்கடையார் பெருமையாகச் சொன்னார்: "ஜோசியருக்குப் பழைய மணிதானே வேணும்? உமக்கு எதுக்குச் சிரமம்னு நானே ஒண்ணைக் கழிச்சுட்டுத்தான் வந்தேன்."

அவர் வீட்டில் ஒரு தடவை கழித்தார். நாங்கள் இங்கே ஒரு தடவை கழித்தோம். இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தோம். கிணற்றடியில் நின்று சிரிக்கலாம் போலிருந்தது, தெருவில் நின்ற அந்தத் தங்கராசு ஞாபகத்துக்கு வராமல் இருந்தால்.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி என்னைப் போடச் சொல்லவில்லை. சிலேட்டைக் கழுவிக் காயவைத்து, தானே போட்டார். ராசிக் கட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதே சிம்ம லக்னம், அதே சூரியன், அதே ராகு. துவாதசாம்சத்தில் மட்டும் விருச்சிகம் போய் மேஷ லக்னம் வந்தது. ஒன்பதாம் இடம் இப்போது தனுசு, குருவின் வீடு. அங்கே சூரியன் தெளிவாக உட்கார்ந்திருந்தான். ராசியில் எழுந்த சந்தேகத்தை வர்க்கம் இல்லை என்று சொல்லிவிட்டது. தகப்பனுக்குக் கண்டம் எதுவும் இல்லை.

ஆனால் சனியும் செவ்வாயும் கடகத்தில்தானே நிற்கின்றன? மேஷத்துக்குக் கடகம் நாலாம் இடம், தாய் ஸ்தானம். நான் அதை விரலால் தொட்டுக் காட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"தாய்க்கு வர வேண்டியது வந்தாச்சு செண்பகம். அதை நாமதான் கொடுத்திருக்கோம்."

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அவ்வளவு பெரிய மனுஷர் என் முன்னால் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கும் கண் கலங்கிவிட்டது.

தப்பைச் சொல்வது லேசு என்று நினைத்தோம். அதுதான் கஷ்டமாக இருந்தது. கருப்பட்டிக்கடையார் ஒத்துக்கொள்ளவில்லை. "மொதல்ல கண்டம்னீரு. இப்போ இல்லைங்கீரு. நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா? ஒரு வருஷம் போகட்டும் அண்ணாச்சி, பயம்மா இருக்கு. வாக்கை மாத்தாதேயும்." பயத்தை ஒரு தரம் வீட்டுக்குள் விட்டால் அதுவாகப் போவதில்லை.

அண்ணாச்சி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள் அவரை. "நான் வாக்கை மாத்தல. மணியைத்தான் மாத்துதேன். என் வாக்கை நம்பித்தானே மருமகனைத் தெருவுல நிப்பாட்டினீரு? அதே வாக்கை நம்பி உள்ள கூப்பிடும். அவரு பிள்ளையப் பாக்கும்போது நானும் பக்கத்துல நிக்கேன்."

கருப்பட்டிக்கடையார் கடைசியில் பாதி இறங்கி வந்தார். எண்ணெய்க் கிண்ணம் மட்டும் இருக்கட்டும் என்றார். இருக்கட்டும் என்றார் அண்ணாச்சி.

கொழும்புக்குத் தகவல் போனது. தோணி எப்போது வரும், வருமா என்றே தெரியாது. அந்த நாட்களில் அண்ணாச்சி சாயங்காலம் தவறாமல் கடற்கரைக்கு நடப்பார். கேட்டால் காற்று வாங்க என்பார். அவருக்குக் கடல் காற்று ஆகாது, இருமல் வரும். தங்கராசுக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால் ஊர் பழைய கட்டத்தைத்தான் நம்பும், பொன்னுத்தாய் ஆயுசுக்கும் பிள்ளையைத்தான் குற்றம் சொல்லுவாள். அது எங்கள் இருவருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

சித்திரை வெயிலில் தங்கராசு வந்து இறங்கினான். முற்றத்தில், குழந்தை முகத்தில் முதல் வெயில் பட்ட அதே இடத்தில், வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்தார்கள். அவன் குனிந்து உட்கார்ந்தான். பொன்னுத்தாய் பின்னாலிருந்து குழந்தையை அவன் தோளுக்கு மேலே நீட்டினாள். எண்ணெயில் ஒரு சின்ன முகம் வந்தது. குழந்தை அதைப் பிடிக்கப் போய்க் கையை உள்ளே விட்டாள். எண்ணெய் கலங்கி முகம் போய்விட்டது. அவன் பொறுக்கவில்லை. திரும்பி நேரே பார்த்துவிட்டான். கருப்பட்டிக்கடையார் "ஏய், ஏய்" என்றார். யார் காதிலும் விழவில்லை. எண்ணெய்க் கையால் குழந்தை அவன் மீசையைப் பிடித்தாள். அண்ணாச்சி சொன்னபடி பக்கத்திலேயே நின்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

கிளம்பும்போது தங்கராசு என்னிடம் வந்தான். "யக்கா, அண்ணன் ரங்கூன்ல இருந்ததாச் சொன்னாவ. பேரு, அடையாளம் சொல்லுங்க. பர்மாவுல இருந்து தப்பி வந்த ஆளுக அங்கன இங்கனன்னு கொழும்புக்கும் வாராவ. நான் விசாரிக்கேன்." சொன்னேன். இசக்கிமுத்து, கொற்கைக்காரர், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. அவன் விசாரிக்கத்தான் செய்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் முதலில் என்னிடம் வந்து, இல்லை என்று தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவான். சில வருஷத்துக்குப் பிறகு, பாவம், என் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டான்.

அண்ணாச்சி ஒரு நாள் கதவிடுக்கில் சீட்டுக்குப் பதில் குரலை நீட்டினார். "ஏளா, ஊருக்கெல்லாம் கட்டம் போடுத. உன் வீட்டுக்காரன் ஜாதகத்தை ஒரு நாளும் கொண்டாரலியே?"

"அவுகளுக்கு ஜாதகம் கிடையாது அண்ணாச்சி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. எப்போ பிறந்தாவன்னு சொல்ல ஆளே இல்ல. பேரை வச்சுத்தான் பொருத்தம் பாத்தாவ."

"அப்போ ஒரு கேள்வி கேளு. கேட்ட நேரத்துக்குக் கட்டம் போட்டுச் சொல்லுதேன்."

அப்படிச் செய்யலாம், அதற்கு முறை உண்டு. மறுநாள் கேட்கிறேன் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். கேள்வி கேட்டுவிட்டால் அதற்கு ஒரு நேரம் வந்துவிடும். நேரம் வந்தால் கட்டம் வரும். வந்த கட்டத்தைப் பொய்யாகப் படிக்க எனக்குத் தெரியாது. அண்ணாச்சி சாகிற வரைக்கும் நான் கேட்கவில்லை. யுத்தம் முடிந்து சர்க்கார் அந்த ஒரு மணியைத் திருப்பிக் கொடுத்தது. ஊரெல்லாம் கடிகாரத்தைப் பின்னால் வைத்தார்கள். எனக்குத் திரும்பி வர வேண்டியது வரவில்லை. மஞ்சள் குங்குமத்துக்கு என்னைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று பக்கத்து வீட்டுக்காரிகளுக்குச் சந்தேகம். கூப்பிடாமலே விட்டுவிட்டார்கள்.

இவ்வளவையும் ஜெயந்தியிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் சும்மா இருப்பாளா? போன வாரம் கடைக்கு அழைத்துப்போய் என்னை முன்னால் உட்கார வைத்தாள். ஒரு நிமிஷத்தில் பதினாறு வர்க்கமும் வந்து விழுந்தன. எல்லாம் சரியாக இருந்தன, நானே சோதித்தேன். நான் நாள் கணக்கில் உட்கார்ந்து போட்டவை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ஆச்சி, தாத்தாவுக்கும் ஒண்ணு போட்டுத் தரட்டுமா?" என்று என் கழுத்துத் தாலியைப் பார்த்தபடி கேட்டாள். பேர் சொன்னேன். அடித்தாள். ஊர் சொன்னேன். அடித்தாள். வருஷம் குத்துமதிப்பாகச் சொன்னேன், மாசமும் தேதியும் அவளே ஒன்று போட்டாள். அதையும் வாங்கிக்கொண்டது. அப்புறம் நேரம் கேட்டு நின்றுவிட்டது. வெள்ளைக் கோடு ஒன்று அந்த இடத்தில் மினுங்கிக் கொண்டே இருந்தது.

"நேரம் தெரியாதா? பரவாயில்ல ஆச்சி, தெரியாதவங்களுக்கு மத்தியானம் பன்னெண்டுன்னு போட்டுக்கிடலாம்."

அவள் விரல் இறங்குவதற்குள் கையைப் பிடித்துவிட்டேன். "வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்."

கடையில் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். அவளும் என்னை எழுப்பவில்லை. இசக்கிமுத்து, கொற்கை என்று அந்தப் பேர் வெளிச்சத்தில் எழுதி நின்றது. அவர் பேரை எழுத்தில் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.